பக்கத்து ரூம் ஃபேன்: டங்ஸ்டன் ஸ்லைடு ஃபிலிமோடு சில வருஷங்கள்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுதி, சுருக்கித் திருத்திய வடிவம் இது. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் ஒரு சின்ன வேலை பண்ணிப் பாருங்க. மஞ்சள் வெளிச்சம் தர்ற பல்பு எரியுற ரூம்ல, ஒரு வெள்ளைத் தாளை வச்சு ஃபோன்ல படம் எடுங்க. தாள் ஏறக்குறைய வெள்ளையாத்தான் வரும். அடுத்து, கேமரால ப்ரோ மோடுக்குப் போய், ஒயிட் பேலன்ஸை 5500-ல நீங்களே நிறுத்திட்டு, அதே தாளை மறுபடி எடுங்க. இப்போ தாள் ஆரஞ்சு கலர்ல இருக்கும்.

ரூம் மாறல, தாள் மாறல, பல்பு மாறல. முதல் படத்துல ஃபோன் உங்களுக்காக ஒரு யூகம் பண்ணுச்சு. "இது பல்பு வெளிச்சம், இந்த ஆரஞ்சை எடுத்துடலாம்"னு அதுவே முடிவு பண்ணிடுச்சு. ரெண்டாவது படத்துல அந்த யூகத்தை நீங்க நிறுத்திட்டீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் இன்னிக்குப் பேசப் போறது, அந்த யூகமே இல்லாத ஒரு பொருளைப் பத்தி. டங்ஸ்டன் பேலன்ஸ்டு கலர் ஸ்லைடு ஃபிலிம். தொண்ணூறுகள்ல சென்னையில ஒரு விளம்பர ஸ்டூடியோல அசிஸ்டென்ட்டா வேலை பார்த்தப்போ, தினமும் என் கையில புழங்கின பொருள். அதுல நான் பண்ணின ஒரு தப்பையும் சொல்லப் போறேன். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆனா அதுக்கப்புறம் நான் வேலை செய்யுற விதமே அந்தத் தப்பாலதான் மாறுச்சு.

வெளிச்சத்துக்கும் ஒரு வெப்பநிலை

முதல்ல கொஞ்சம் அடிப்படை. வெளிச்சத்தோட நிறத்தைக் கெல்வின்ல சொல்வாங்க. நடுப்பகல் வெளிச்சம், எலக்ட்ரானிக் ஃப்ளாஷ், ரெண்டும் ஏறக்குறைய 5500 கெல்வின். ஸ்டூடியோ டங்ஸ்டன் லைட் 3200. எண் குறையக் குறைய வெளிச்சத்துல சிவப்பு அதிகம், நீலம் கம்மி. எண் கூடக் கூட நீலம் அதிகம்.

"சரி, பல்பையே 5500-க்கு எரிய வைக்கலாமே, எதுக்குத் தனி ஃபிலிம்?" இது நல்ல கேள்வி. முடியாது. பல்புக்குள்ள இருக்கிற இழை டங்ஸ்டன்கிற உலோகம். அந்த இழையோட சூடுதான் அந்த வெளிச்சத்தோட நிறத்தை முடிவு பண்ணுது. டங்ஸ்டன் 3422 டிகிரி செல்சியஸ்ல உருகிடும். கெல்வின்ல சொன்னா சுமார் 3695. அதனால இழை பல்பு எதுவும் சூரியன் மாதிரி வெள்ளையா எரிய முடியாது, அதுக்கு முன்னாடியே இழை அறுந்துடும். 3200-ங்கிறது ஒரு சமரசம். போதுமான வெளிச்சமும் வரும், பல்பும் ஓரளவு நாள் உழைக்கும்.

வெளிச்சத்தை மாத்த முடியாதுன்னா ஃபிலிமை மாத்தணும். கலர் ஃபிலிம்ல மூணு அடுக்கு இருக்கு. ஒண்ணு நீலத்தைப் பார்க்கும், ஒண்ணு பச்சையை, ஒண்ணு சிவப்பை. பல்பு வெளிச்சத்துல நீலம் கம்மின்னு சொன்னேன் இல்லையா? டங்ஸ்டன் ஃபிலிம்ல நீலத்தைப் பார்க்கிற அடுக்கை மத்த ரெண்டை விடவும் வேகமா இருக்கிற மாதிரி செஞ்சிருப்பாங்க. பல்புல குறையுறதை ஃபிலிம் ஈடுகட்டிடும். 3200 கெல்வின்ல வெள்ளைத் தாள் வெள்ளையா வரும்.

நாங்க அதிகமா பயன்படுத்தினது கோடாக் எக்டாக்ரோம் 64டி. ஃப்யூஜிக்ரோம் 64டி-யும் இருந்துச்சு. 64-ங்கிறது ஐ.எஸ்.ஓ. ஆமா, வெறும் 64. இன்னிக்கு உங்க கேமராவுல 6400 வச்சு சாதாரணமா எடுக்கிறீங்க, அதுல நூத்துல ஒரு பங்கு.

ஃபில்டர் போட்டா போதாதா?

இன்னொரு கேள்வியும் வரும். சாதாரண டேலைட் ஃபிலிமைப் போட்டு, லென்ஸ் முன்னாடி ஒரு நீல ஃபில்டர் வச்சா ஆகாதா? ஆகும். 80ஏ-ன்னு ஒரு ஃபில்டர், 3200 வெளிச்சத்தை 5500 மாதிரி ஆக்கிடும். ஆனா அது ரெண்டு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கிடும். நாலுல ஒரு பங்குதான் உள்ள போகும். ஏற்கெனவே வெளிச்சம் கம்மியான இடத்துல அதுல முக்கால்வாசியை ஃபில்டருக்குத் தானம் பண்றது எவ்வளவு பெரிய நஷ்டம், பாருங்க.

தலைகீழா யோசிங்க. டங்ஸ்டன் ஃபிலிமை வெயில்ல எடுத்துட்டுப் போனா படமெல்லாம் நீலமா வரும். அதுக்கு 85பி-ன்னு ஆம்பர் கலர் ஃபில்டர். அது முக்கால் ஸ்டாப் கூட எடுத்துக்காது. அதுவும் வெயில்ல, வெளிச்சம் கொட்டிக் கிடக்கிற இடத்துல. இந்தக் கணக்காலதான் அந்தக் காலத்து சூப்பர் 8 ஹோம் மூவி கேமராக்கள்ல கூட டங்ஸ்டன் ஃபிலிமே போடுவாங்க, ஆரஞ்சு ஃபில்டரைக் கேமராக்குள்ளயே வச்சிருப்பாங்க. வெளியில போனா ஃபில்டர் உள்ளே வரும், வீட்டுக்குள்ள லைட் போட்டு எடுத்தா விலகிடும். சினிமா நெகட்டிவ்லயும் டங்ஸ்டன் வகைதான் ரொம்ப நாளா பெரும்பாலான வேலைக்குப் போச்சு, அதுக்கும் இதே கணக்குதான்.

ஸ்டூடியோவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நகை, பாத்திரம், மடிச்சு வச்ச புடவை, இதையெல்லாம் எடுக்கும்போது முன்னாடி இருந்து பின்னாடி வரை ஷார்ப்பா இருக்கணும். அப்பர்ச்சரை எஃப் 22, எஃப் 32-ன்னு மூடுவோம். அப்போ ஷட்டர் ஒரு விநாடி, ரெண்டு விநாடி, சில சமயம் பத்து விநாடி கூடத் திறந்திருக்கும். நீளமான எக்ஸ்போஷர்ல ஃபிலிம் சோம்பேறி ஆயிடும். ரெண்டு மடங்கு நேரம் கொடுத்தா ரெண்டு மடங்கு பலன் வராது. மூணு அடுக்கும் ஒரே அளவுக்குச் சோம்பேறி ஆகாததால நிறமும் கோணிக்கும். டேலைட் ஃபிலிம் சின்ன சின்ன நேரத்துக்காகச் செஞ்சது. டங்ஸ்டன் ஃபிலிம் இந்த மாதிரி நீளமான நேரத்துக்கும் தாக்குப்பிடிக்கிற மாதிரி செஞ்சது.

அப்போ ஃப்ளாஷ் இல்லையான்னா, இருந்துச்சு. மாடல் நின்னா ஃப்ளாஷ்தான். ஒரு விநாடி யாரும் சிலை மாதிரி நிக்க முடியாது, அந்தச் சூட்டுல மேக்கப்பும் நிக்காது. ஆனா பொருளை எடுக்கும்போது டங்ஸ்டன் லைட்ல ஒரு சுகம் இருக்கு. கண்ணு முன்னாடியே எரியுது. லைட்டை ஒரு விரக்கடை நகர்த்தினா ஜரிகையில மினுக்கம் எங்கே போகுதுன்னு அங்கேயே தெரியும். ஃப்ளாஷ்ல அது படம் கழுவி வந்த பிறகுதான் முழுசா தெரியும்.

ஸ்லைடுன்னா அதுதான் கடைசி

இதுவரைக்கும் டங்ஸ்டன். இப்போ ஸ்லைடு.

நெகட்டிவ்ல எடுத்தா பிரிண்ட் போடும்போது இன்னொரு வாய்ப்பு இருக்கு. கொஞ்சம் மஞ்சளா இருந்தா குறைக்கலாம், இருட்டா இருந்தா ஏத்தலாம். ஸ்லைடுல நடுவுல யாரும் கிடையாது. கேமராவுக்குள்ள போன அதே துண்டு ஃபிலிம்தான், கழுவினதும் பாசிட்டிவ் படமா உங்க கையில வரும். எக்ஸ்போஷர் அரை ஸ்டாப் கூடினாலே வெள்ளை வெளுத்துடும்.

கழுவுறதும் லேசு இல்ல. ஈ-6-ன்னு ஒரு முறை. முதல் டெவலப்பர் 38 டிகிரில இருக்கணும், அரை டிகிரி கூட நகரக் கூடாது. ஆறு நிமிஷம். அப்புறம் ரிவர்சல், கலர் டெவலப்பர், ப்ளீச், ஃபிக்சர்னு போகும். சாயந்திரம் லேப்ல கொடுத்தா மறுநாள் வாங்குவோம். லைட் டேபிள் மேல போட்டு, கண்ணுல லூப் வச்சுப் பார்க்கிற அந்த நிமிஷம் வரைக்கும் என்ன எடுத்திருக்கோம்னு யாருக்கும் தெரியாது.

அந்த ஸ்லைடு நேரா அச்சகத்துக்குப் போகும். எங்க வேலை பெரும்பாலும் சிவகாசிக்குத்தான் போகும். அங்கே ஸ்கேனர்ல போட்டு நாலு கலரா பிரிச்சு, நாலு பிளேட் எடுத்து, கேட்டலாக் அடிப்பாங்க. ஸ்லைடுல இருக்கிற தப்பு ஆயிரக்கணக்கான காப்பியில தப்பாவே போகும்.

இருபத்திநாலு புடவை

1997, ஏப்ரல். ஒரு பட்டுப் புடவைக் கடைக்கு கேட்டலாக். மாடல் கிடையாது. புடவையை மடிச்சு, முந்தானை தெரியுற மாதிரி விரிச்சு, மேலிருந்து எடுக்கணும். இருபத்திநாலு புடவை. வெளிநாட்டுல இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு அனுப்புற புத்தகம் அது. அவங்க புடவையைத் தொட்டுப் பார்க்கப் போறது இல்ல. படத்தைப் பார்த்துட்டு, பக்க எண் சொல்லி ஆர்டர் கொடுப்பாங்க. கடைக்காரர் எங்க சார்கிட்ட சொன்னது ஒரே விஷயம்தான்: "அரக்கு அரக்காத் தெரியணும். மெரூனாத் தெரிஞ்சா புடவை திரும்பி வந்துடும் சார்."

ஸ்டூடியோ கோடம்பாக்கத்துல ஒரு பழைய வீட்டு மாடி. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. ஒரு கோடு வெயில் உள்ள வந்தாலும் டங்ஸ்டன் ஃபிலிம்ல அது நீலக் கோடா விழும். ட்யூப் லைட் எரிஞ்சா பச்சை தட்டும். அதனால ரூம்ல எங்க ஹாலஜன் லைட் மட்டும்தான் எரியணும். பட்டர் பேப்பர் வழியா ரெண்டு லைட், நிழலைத் தூக்க ஒரு தெர்மாகோல். ஃபேன் போட மாட்டோம், போட்டா முந்தானை நூல் ஆடும். ஏப்ரல் மாசம், ஜன்னல் மூடி, மொத்தம் மூவாயிரம் வாட்ஸ் லைட். எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

மூணு பேர். சார், நான், லைட்மேன் அண்ணன். அண்ணன் இருபது வருஷம் சினிமா ஃப்ளோர்ல லைட் தூக்கினவர். படிப்பு கம்மி. கெல்வின்னா என்னன்னு அவர்கிட்ட கேட்டா சிரிப்பார்.

கேமரா ஒரு மாமியா ஆர்பி67. ஒரு ரோல்ல பத்து ஃப்ரேம். ஒரு புடவைக்கு மூணு ஃப்ரேம்: மீட்டர் சொன்னபடி ஒண்ணு, கொஞ்சம் கூட்டி ஒண்ணு, கொஞ்சம் குறைச்சு ஒண்ணு. மூணு புடவைக்கு ஒன்பது. பத்தாவது ஃப்ரேம்ல சாம்பல் கலர் அட்டை ஒண்ணை வச்சு எடுப்போம். அட்டை சுத்தமான சாம்பலா வந்தா அந்த ரோல்ல நிறம் சரி. சாம்பல்ல வேற சாயல் ஏறியிருந்தா வெளிச்சம் தப்பு. மொத்தம் எட்டு ரோல். அந்த எட்டு ரோலும் கழுவுற செலவும் சேர்த்தா என் மாசச் சம்பளத்தைத் தாண்டும்.

இப்போ ஒரு முக்கியமான விஷயம். ஹாலஜன் பல்பு 3200 கெல்வின்ல எரியும்னா, அது மேல எழுதியிருக்கிற வோல்டேஜ் முழுசா வந்தாத்தான். வோல்டேஜ் இறங்கினா இழையோட சூடு குறையும், நிறம் சிவப்புப் பக்கம் போகும். 230 வோல்ட் பல்புக்கு ஒரு வோல்ட் குறைஞ்சா ஏறக்குறைய அஞ்சாறு கெல்வின் போயிடும்னு வச்சுக்கலாம். ரெண்டு மூணு வோல்ட் ஆடினா கவலை இல்ல. முப்பது வோல்ட் இறங்கினா? 3200-ல இருந்து 3000-க்குப் பக்கத்துல வந்துடும். வெறும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. நம்ம மூளையும் இன்னிக்கு ஃபோன் பண்ற அதே யூகத்தைத்தான் பண்ணும். ஃபிலிமுக்கு மட்டும் தெரியும்.

அதனால ஸ்டூடியோல ஒரு ஸ்டெபிலைசர் இருக்கும். அந்த வாரம் அது ரிப்பேருக்குப் போயிருந்துச்சு. "பகல்ல வோல்டேஜ் நல்லாத்தான் இருக்கு, ஆறு மணிக்குள்ள முடிச்சிடலாம்"னு சார் சொன்னார். சுவத்துல ஒரு வோல்ட்மீட்டர் இருந்துச்சு. அதைப் பார்க்கிறது என் வேலை.

ஆறரை மணி

ஆறு ரோல் முடிஞ்சப்போ மணி ஆறேகால். சார் ஒரு க்ளையன்ட்டைப் பார்க்கக் கிளம்பணும். "மீதி ஆறு புடவைதானே, செட்டப் அப்படியே இருக்கு. நீயே எடுத்துடு தம்பி"ன்னார். நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷத்துல, தனியா ஷட்டர் அழுத்தச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஏழாவது ரோலைப் போட்டேன். புடவையை விரிச்சேன். அண்ணன் தலையைச் சாய்ச்சு எதையோ கேட்டுட்டு இருந்தார்.

"தம்பி, கரன்ட்டு இறங்குது."

"எப்படிண்ணே சொல்றீங்க?"

"பக்கத்து ரூம்ல ஃபேன் ஓடுது பாரு. சத்தம் மாறிடுச்சு."

மேக்கப் ரூம் ஃபேன். காலையில இருந்து அது ஓடிட்டேதான் இருந்துச்சு, என் காதுல விழவே இல்ல. வோல்ட்மீட்டரைத் திரும்பிப் பார்த்தேன். முள்ளு 200-ல நின்னுச்சு. ஊர்ல எல்லாரும் வீட்டுக்கு வந்து லைட், ஃபேன், மோட்டார் போடுற நேரம்.

நான் என்ன பண்ணேன்னா, லைட் மீட்டரை எடுத்து வெளிச்சத்தை அளந்தேன். அரை ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல குறைஞ்சிருந்துச்சு. அப்பர்ச்சரை அந்த அளவுக்குத் திறந்தேன். கணக்கு சரி. ஆனா லைட் மீட்டர் வெளிச்சம் எவ்வளவுன்னு மட்டும்தான் சொல்லும், என்ன நிறம்னு சொல்லாது. எனக்கு அது தெரியும். 82ஏ-ன்னு ஒரு மெல்லிய நீல ஃபில்டர் ட்ராயர்ல இருந்துச்சு, சரியா 3000-ஐ 3200 ஆக்குறதுக்காகச் செஞ்ச ஃபில்டர். அதுவும் எனக்குத் தெரியும். ஃபில்டரைத் தேடி எடுத்து, துடைச்சு, எக்ஸ்போஷரை மறுபடி கணக்குப் போட்டு... இல்லைன்னா ராத்திரி பத்து மணி வரைக்கும் காத்திருக்கணும், இல்லைன்னா சாருக்கு ஃபோன் பண்ணி "முடியல சார்"னு சொல்லணும்.

"வேணாம் தம்பி, நிறுத்திடு"ன்னு அண்ணன் இன்னொரு தடவை சொன்னார்.

"பார்த்துக்கலாம்ணே"ன்னேன். எடுத்தேன். ஆறு புடவையும் எடுத்து முடிச்சேன். மறுநாள் காலையில சார் "எல்லாம் ஓகேவா?"ன்னு கேட்டப்போ "ஓகே சார்"னேன்.

எம்.எஸ். ப்ளூ

ஸ்லைடு வந்துச்சு. சார் லைட் டேபிள்ல எட்டு ரோலையும் வரிசையா வச்சார். புடவையைப் பார்க்கவே இல்ல. ஒவ்வொரு ரோல்லயும் பத்தாவது ஃப்ரேமை மட்டும் பார்த்துட்டே வந்தார். ஆறு அட்டை சாம்பல். கடைசி ரெண்டு அட்டை லேசான டீ கலர்.

அந்த ஆறு புடவையில மாம்பழ மஞ்சள் ஒண்ணு, கொஞ்சம் ஆரஞ்சாப் போயிருந்துச்சு. அரக்கு கூடப் பரவாயில்ல. மோசமாப் போனது ஒரு எம்.எஸ். ப்ளூ. எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டினதால அந்தப் பேர் வந்த நீலம், உங்க பாட்டியைக் கேட்டா சொல்வாங்க. வெளிச்சத்துல நீலம் குறைஞ்சா முதல்ல அடி வாங்குறது நீலப் புடவைதான். அந்த ஸ்லைடுல அது நீலமாவே இல்ல. ஈரமான சிமென்ட் மாதிரி இருந்துச்சு.

சார் கத்தல. லூப்பைக் கீழே வச்சுட்டு, "மீட்டரைப் பார்த்தியா?"ன்னு கேட்டார்.

"பார்த்தேன் சார்."

"எவ்வளவு?"

"இருநூறு."

"அண்ணன் சொன்னாரா?"

"சொன்னார் சார். ரெண்டு தடவை."

"அப்போ காலையில ஏன் ஓகேன்னு சொன்ன?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. வோல்டேஜ் இறங்கினது என் தப்பு இல்ல. படம் கெட்டது கூட யாருக்கும் நடக்கக்கூடியதுதான். தெரிஞ்சுகிட்டே சொல்லாம விட்டது மட்டும்தான் முழுசா என்னுடையது. காலையில சொல்லியிருந்தா, புடவையெல்லாம் ஸ்டூடியோலயே இருந்துச்சு. அன்னிக்கே மறுபடி எடுத்திருக்கலாம். நான் ஓகேன்னு சொன்னதால மதியம் எல்லாம் கடைக்குத் திரும்பிப் போயிடுச்சு.

சார் கடைக்காரர்கிட்ட நேரா போய் நடந்ததைச் சொன்னார். தன் செலவுல மறுபடி எடுத்துத் தர்றதாச் சொன்னார். அஞ்சு புடவை திரும்ப வந்துச்சு. எம்.எஸ். ப்ளூ வரல. முகூர்த்த சீசன், அது வித்துப் போயிருந்துச்சு. அந்தப் பக்கத்தோட லேஅவுட் முடிஞ்சிருந்ததால கடைக்காரருக்கு அந்தப் புடவைதான் வேணும். அந்த டிசைனை நெசவாளர்கிட்ட திரும்பவும் சொல்லியிருந்தார். அது தறியில இருந்து இறங்க நாளாகும்.

சார் என்னைக் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏத்தி விட்டார். அந்தப் புடவையை நெஞ்சவர் வீட்டைக் கண்டுபிடிச்சுப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். ஸ்லைடைக் காட்டினேன். அவர் அதைத் தெருப் பக்கம் தூக்கிப் பிடிச்சு, வெளிச்சத்துல ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இது எங்க வீட்டுச் சேலை இல்லீங்களே."

"இல்லீங்க, உங்களுதுதான். படம்தான் தப்பு."

அவர் உள்ளே போய், அதே சாயத்துல மீந்திருந்த பட்டு நூல் கொஞ்சம் கொண்டுவந்து, ஒரு முழம் நறுக்கிக் கொடுத்தார். "இதைக் காட்டுங்க. இந்த நீலம் வர்றதுக்கு எத்தனை தடவை முக்கி எடுத்தோம் தெரியுமா?"ன்னார். கோபமா சொல்லல. எனக்குத்தான் தலை நிமிரல. அவர் சாயத் தொட்டியில கை வச்சு, கண்ணால பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்த நிறத்தை, நான் ஒரு ஃபில்டரைத் தேடச் சோம்பல்பட்டு சிமென்ட் ஆக்கியிருந்தேன்.

அந்த நூலை ஒரு வெள்ளை அட்டையில சுத்தி, ஸ்லைடோட சேர்த்து சிவகாசிக்கு அனுப்பினோம். அங்கே ஸ்கேனர் ஆபரேட்டர் நூலைப் பக்கத்துல வச்சுகிட்டு, முடிஞ்ச வரைக்கும் நீலத்தை இழுத்துக் கொடுத்தார். புத்தகம் வந்தப்போ ஏறக்குறைய எம்.எஸ். ப்ளூதான். ஏறக்குறைய. ஜரிகை ஓரத்துல மட்டும் ஒரு பச்சைச் சாயல், நீலத்தை இழுத்ததுக்கான விலை. கடைக்காரர் ஒண்ணும் சொல்லல. நான் இன்னிக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்தா முதல்ல அந்த ஓரம்தான் கண்ணுல படும்.

சம்பளத்துல பிடிக்கல. ஆனா ரெண்டு விஷயம் மாறுச்சு. ஒண்ணு, ஒவ்வொரு ரோலுக்கும் மணி, வோல்டேஜ், ஃபில்டர் மூணையும் ஒரு நோட்டுல எழுதணும். ரெண்டு, அதுக்கப்புறம் டங்ஸ்டன்ல எடுக்கும்போது சார் ஷட்டரை அழுத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் "அண்ணே, எடுக்கலாமா?"ன்னு கேட்பார். அண்ணன் ஒரு நொடி பக்கத்து ரூம் ஃபேனைக் கேட்டுட்டுத் தலையாட்டுவார். ஸ்டெபிலைசர் திரும்பி வந்த பிறகும் அந்தப் பழக்கம் நிக்கல.

இப்போ உங்களுக்கு

இதெல்லாம் இப்போ எதுக்குன்னு கேட்கலாம். டங்ஸ்டன் ஸ்லைடு ஃபிலிம் தயாரிப்பு நின்னு பல வருஷம் ஆச்சு. கோடாக் 2012-ல ஸ்லைடு ஃபிலிமையே நிறுத்தி, 2018-ல எக்டாக்ரோம் இ100-ஐத் திரும்பக் கொண்டுவந்தப்போ, அது டேலைட் வகை மட்டும்தான். ஆனா உங்கள்ல சிலர் ராத்திரியில தெருப் படம் எடுக்க சினிஸ்டில் 800டி போடுறீங்க. அந்த "டி" இதே டங்ஸ்டன்தான். அது சினிமா நெகட்டிவ்ல இருந்து வந்தது, ஸ்லைடு இல்ல. ஆனா 3200 கெல்வின்கிற நம்பிக்கை அதே. பகல்ல போட்டு "ஏன் நீலமா வருது"ன்னு கேட்கிறவங்களுக்கு, 85பி ஃபில்டர்தான் பதில்.

டிஜிட்டல்ல எடுக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். துணி, சாப்பாடு, நகைன்னு ஆன்லைன்ல விக்கிறதுக்காக வீட்டுலயே படம் எடுக்கிறவங்க இப்போ நிறைய. ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நிறுத்திடுங்க. ஜன்னல் வெளிச்சமா, பல்பா, ஏதாவது ஒண்ணு மட்டும் வச்சுக்கோங்க, ரெண்டையும் கலக்காதீங்க. மலிவான எல்.இ.டி. பல்பு மேல 3000-ன்னு போட்டிருந்தாலும் அதை நம்பி இருக்காதீங்க. ஒரு சாம்பல் அட்டை வாங்கி, ஒவ்வொரு செட்டப்லயும் ஒரு ஃப்ரேம் அதை எடுங்க. எடிட் பண்ணும்போது முதல்ல அந்த ஃப்ரேமைச் சரி பண்ணுங்க, மத்தது தானா சரியாகும். பொருள் கையில இருக்கும்போதே திரையில இருக்கிற நிறத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. கூரியர்ல போன பிறகு பார்த்து என்ன பிரயோஜனம்?

அந்த ஃபிலிமுக்கு யூகம் பண்ணத் தெரியாது. அதனால ரூம்ல இருக்கிற யாராவது ஒருத்தர் வெளிச்சம் என்னன்னு தெரிஞ்சு வச்சிருக்கணும், தெரிஞ்சதை வாய் விட்டுச் சொல்லணும். இப்போ கேமரா யூகம் பண்ணிடுது, நல்லாவே பண்ணுது. அது தப்பாப் போற அன்னிக்கு "எனக்குத் தெரியும், நிறுத்துங்க"ன்னு சொல்ற ஆள் உங்க டீம்ல யாரு? அவர் சொன்னா நீங்க கேட்பீங்களா?

அண்ணன் இப்போ இல்ல. அந்த நூல்ல மீந்த ரெண்டு அங்குலம் அந்தப் பழைய நோட்டுல, 1997 ஏப்ரல் பக்கத்துல, செல்லோடேப் போட்டு ஒட்டி வச்சிருக்கேன். பக்கத்துல என் கையெழுத்துல "மாலை 6:30, 200 வோல்ட், ஃபில்டர் இல்லை"ன்னு இருக்கும். அதை நான் எழுதினது அந்த நாளுக்கு ஒரு வாரம் கழிச்சு.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.